மாப்புக்கு ஒரு கொக்கி

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 1999ல் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு சாவிக்கொத்தையும் இன்டென்ட் நோட்டையும் கொடுத்துவிட்டார்கள். சாவிகளில் பாதி, மாடிப்படிக்கு அடியில் இருந்த அறைகளுக்கானவை. தளத்துக்கு ஒன்று. ஜன்னல் கிடையாது, குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே மாப்புகள், வாளிகள், தென்னை விளக்குமாறுகள், பினாயில் கேன்கள். அவற்றுக்கு மேலே ஆணியில் தொங்கும் பைகளில், வேலை செய்யும் பெண்களின் சாப்பாட்டு டப்பாக்கள். மாற்றுச் சேலையும் அதே ஆணியில்தான்.

அந்த அறையின் வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மேலாகப் பினாயில் மணக்கும். அதற்கு அடியில், நாள்கணக்கில் காயாத துணியின் புளித்த வாடை இருக்கும். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் முதல் வாரம் மூக்கைப் பொத்துவார்கள். அப்புறம் பழகிவிடும். பழகிவிடுகிறது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காலை ஷிப்ட் 6 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடியும். டூட்டி சீட்டில் வார்டு, காரிடார், கழிப்பறை, மறுபடி வார்டு என்று எல்லாவற்றுக்கும் நேரம் எழுதியிருந்தது. கருவிகளைக் கழுவ மட்டும் ஒரு நிமிடமும் ஒதுக்கப்படவில்லை. 2 மணி வரை தரையைத் துடைத்துவிட்டு, மாப்பை ஒரு தடவை குழாயில் காட்டிப் பிழிந்து, படிக்கு அடியில் சாத்திவிட்டுப் பஸ் பிடிக்க ஓடுவார்கள். அடுத்த ஷிப்ட் அதே ஈரத்தோடு எடுக்கும். அக்கறையுள்ளவர்கள் 2 மணிக்குப் பிறகு நின்று கழுவினார்கள். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. அதாவது, மருத்துவமனையின் சுத்தத்தில் ஒரு பெரிய பங்கு இந்தப் பெண்களின் சொந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தது.

நான் வேலை கற்றுக்கொண்டது மேலூரக்காவிடம். ஊரைச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுவோம். என்னைவிட மூத்தவர், படிக்காதவர். அவருடைய ஈர்க்குமாறை வேறு யாரும் தொட முடியாது. பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருப்பார். புது ஈர்க்குமாறு வந்ததும் கட்டை அவிழ்த்து, குச்சிகளின் அடிப்பக்கத்தைத் தரையில் தட்டித் தட்டி ஒரே மட்டமாக்கி, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டுவார். குச்சி உதிர உதிரக் கட்டைத் திரும்ப இறுக்குவார். பாதி தேய்ந்த பிறகு அது கூட்டுவதற்கு ஆகாது. ஆனால் கழிப்பறைத் தரையைத் தேய்த்துக் கழுவ அதைவிட நல்ல கருவி கிடையாது. அதனால் தேய்ந்ததைத் தூக்கிப்போட விடமாட்டார். “புதுசு கூட்டும், பழசு தேய்க்கும் தாயி, ரெண்டும் வேணும்” என்பார். ஸ்டோரில் புது விளக்குமாறு வாங்க வேண்டுமானால் பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஸ்டோர் கீப்பரிடம் இதை விளக்கிக் கழிப்பறைக் கணக்குக்குத் தனியாக ஒரு பக்கம் போட வைத்தேன்.

பூந்துடைப்பம் வேறு கதை. அந்தப் புல் வடகிழக்கு மலைகளில், மேகாலயா, அசாம் பக்கம் விளைகிறது. புதுத் துடைப்பத்தில் பூத்தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். மொட்டைமாடியில் வைத்து உதறி உதறி அதைப் போக்காமல் வார்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. பிறகு வார்டுக்குள் துடைப்பமே கூடாது என்றானது. உலர்ந்த தரையைக் கூட்டினால் தூசி எழுந்து, அரைமணி நேரம் கழித்துக் கட்டில்மேலும் காயத்தின்மேலும் இறங்கும். இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859ல் நர்சிங் பற்றி எழுதிய புத்தகத்திலேயே, உலர்ந்த துணியால் தூசி தட்டுவது தூசியை இடம் மாற்றுவதுதான், ஈரத்துணி வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆனால் ஈரத்துணி என்றதும் அடுத்த கேள்வி வருகிறது: அந்த ஈரம் எப்போது காயும்?

அந்தக் கேள்வியை எல்லாருக்கும் புரியவைத்தவர் எங்கள் மைக்ரோபயாலஜி டாக்டரம்மா. ஐ.சி.யூ.வில் சூடோமோனாஸ் என்ற கிருமி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அவர் வாஷ்பேசின், குழாய் வாய், வாளி, மாப் எல்லாவற்றிலும் பஞ்சுக்குச்சியால் ஸ்வாப் எடுத்தார். இரண்டு நாள் கழித்து என்னையும் ஷிப்டில் இருந்த பெண்களையும் லேபுக்குக் கூப்பிட்டார். அந்தப் பெண்களில் யாரும் அதுவரை லேபுக்குள் துடைப்பதற்குத் தவிர வேறு எதற்கும் போனதில்லை. மேசையில் வரிசையாக வட்டத் தட்டுகள். மாப் என்று எழுதியிருந்த தட்டு முழுக்க நீலப்பச்சை படர்ந்திருந்தது. மூடியைத் திறந்தால் திராட்சை வாசனை அடிக்கும் என்றார், திறக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு தட்டு. கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த மாப்பிலிருந்து எடுத்தது. அதில் அங்கங்கே சில புள்ளிகள் மட்டும்.

மாப்பிலிருந்துதான் நோயாளிக்குக் கிருமி போனது என்று அவர் சொல்லவில்லை. அதை உறுதி செய்ய வேறு சோதனைகள் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அவர் சொன்னது இவ்வளவுதான்: இந்தக் கிருமிக்கு ஈரம் இருந்தால் போதும். நீர்த்துப்போன பினாயில் தண்ணீரிலும் பிழைத்துக் கிடக்கும். ஆனால் காய்ச்சலைத் தாங்காது. ‘காய்ச்சல்’ என்று அவர் சொன்னது வெயிலில் காய்வதை.

மேலூரக்கா அந்தப் பச்சைத் தட்டை ரொம்ப நேரம் பார்த்தார். “அப்ப நாங்க துடைக்கலையா, பூசிக்கிட்டு இருந்தோமா?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. டாக்டரம்மாதான், “உங்க தப்பு இல்லம்மா. காயவைக்க இடம் கொடுக்காதது எங்க தப்பு” என்றார். ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

இடம் சீக்கிரம் கிடைத்தது, ஏனென்றால் அதற்குச் செலவில்லை. மொட்டைமாடியில் இரண்டு இரும்புப் பைப்பை நெஞ்சுயரத்துக்கு மேல் நட்டு, கொக்கிகள் மாட்டினோம். மாப் தலைகளைக் கழற்றித் தனித்தனியாகத் தொங்கவிட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று படக்கூடாது. மதுரை வெயிலுக்கு மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். குச்சிகளுக்குத் தனிச் சுவர், தனிக் கொக்கி. வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதற்குச் சல்லடைப் பலகை. சாப்பாட்டு டப்பாக்களும் சேலைகளும் அந்தப் படியடி அறையை விட்டு வெளியேறி, இரண்டாம் தளத்தில் பூட்டுப்போட்ட அலமாரிக்குப் போயின. அதற்காக நான் அலைந்த அலைச்சல்தான் அதிகம். கிருமி என்றதும் கேட்டுக்கொண்ட அதிகாரிகள், சாப்பாட்டு டப்பா என்றதும் ‘பார்க்கலாம்’ என்றார்கள்.

நேரம் கிடைக்கத்தான் மாதங்கள் ஆயின. ஷிப்ட் முடிவதற்கு முந்திய அரைமணி கருவிகளுக்கு வேண்டும் என்று கேட்டேன். அட்மினிஸ்ட்ரேட்டர் பேனாவை எடுத்து, அரைமணியை ஆள் எண்ணிக்கையால் பெருக்கி, மாதச் சம்பளத்தில் எவ்வளவு என்று கணக்குப் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. அந்த அரைமணியில் யாரும் எதையும் சுத்தம் செய்ய மாட்டார்கள் என்றே அவர் நம்பினார். பிறகு ஒருநாள் மதியம் ஒன்றரை மணிக்கு அவரை வார்டுக்கு அழைத்துப்போனேன். நோயாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்த உறவினர்கள் தரை முழுக்க உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் மாப்போடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். துடைக்க முடியாத நேரத்தைத் துடைக்கும் நேரம் என்று நாம் சீட்டில் எழுதிவைத்திருக்கிறோம் என்றேன். ஒன்றரையிலிருந்து இரண்டு வரை கருவி நேரம் என்று அடுத்த மாத சீட்டில் ஏறியது.

அந்த அரைமணியில் என்ன நடக்கும் என்பதை விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எழுதிவைப்பவர்கள் குறைவு. முதலில் மாப்பைச் சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும். நேரே ஹைப்போவில், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில், போட்டால் பிரயோசனம் இல்லை. அழுக்கும் ரத்தமும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. அலசி, நல்ல தண்ணீரில் முக்கி, அதற்குப் பிறகுதான் ஹைப்போ. எங்களுக்கு வந்தது 5 சதவீதக் கரைசல். ஒரு லிட்டருக்கு நாலு லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதம். எழுத்துத் தெரியாதவர்களுக்காக வாளியில் இரண்டு கோடு, நெயில் பாலிஷில். சிவப்புக் கோடு வரை ஹைப்போ, வெள்ளைக் கோடு வரை தண்ணீர். காலையில் கலக்கியதை மறுநாள் வைக்கக் கூடாது, வெயிலும் சூடும் அதன் வீரியத்தை எடுத்துவிடும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். மூட்டையைத் திறந்துவைத்தால் வாரம் செல்லச் செல்ல வெறும் சுண்ணாம்பாகிக்கொண்டே வரும்.

ஹைப்போவில் ஊறியதைத் திரும்பத் தண்ணீரில் அலசாமல் காயப்போட்டால் நூல் இற்றுப்போகும். மாப் கிளிப்பின் இரும்பு துருப்பிடிக்கும். துரு தரையில் கோடு போடும். கிளிப்பைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். வாளி உருளைகளில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டு சக்கரம் சுழலாது. சுழலாத வாளியை இழுத்தால் முதுகு போய்விடும். சனிக்கிழமைதோறும் பழைய கத்தரிக்கோலால் அந்த முடியை வெட்டி எடுப்போம். ரப்பர் கையுறைகளை வெளிப்பக்கம் கழுவி, பிறகு உள்பக்கம் திருப்பிக் காயவைக்க வேண்டும். விரல் நுனியில் ஊசித் துளை இருக்கிறதா என்று தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். மாப் குச்சி, பிடிப்பவரின் தாடை உயரம் இருக்க வேண்டும். குட்டைக் குச்சியை வாங்கிக் குவித்துவிட்டு, இடுப்பு வலிக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த மருத்துவமனை அது. குச்சி ஆளுக்கு ஒன்று, அவரவர் பெயர்க்குறியோடு. மாப் தலைகள் மட்டும் பொது. இந்தப் பிரிவினை வந்த பிறகு நல்ல மாப்பை ஒளித்துவைக்கும் பழக்கம் தானாக நின்றது. முன்பு அவர்கள் ஒளித்தது திருட்டுப் புத்தியால் இல்லை, நாளைக்கு நல்லது கிடைக்காது என்ற அனுபவத்தால்.

அமில விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுத்ததில்லை. கழிப்பறைக்கு ஆசிட் ஊற்றி, அது போதவில்லை என்று மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது நம் ஊரில் சகஜம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. கதவு மூடிய குளியலறையில் ஒரு பெண் இருமி இருமிச் சரிந்ததைப் பார்த்த பிறகு இரண்டையும் ஒரே அறையில் வைக்கவே விடவில்லை. குடிதண்ணீர் பாட்டிலில் ஹைப்போ ஊற்றி வைப்பதையும் நிறுத்தினேன்.

தரச்சான்றுக்கு மருத்துவமனை விண்ணப்பித்தபோது நிறங்கள் வந்தன. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பு 2005ல் தொடங்கிய பிறகு தனியார் மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின. கருவிகளுக்கு நிறம் பிரிக்கும் முறையை எங்கள் ஆலோசகர் பிரிட்டிஷ் முறையிலிருந்து எடுத்துக்கொண்டார். கழிப்பறைக்குச் சிவப்பு, வார்டுக்கு நீலம், சமையலறைக்குப் பச்சை, தனிமை அறைக்கு மஞ்சள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே காரிடாரில் மருத்துவக் கழிவுத் தொட்டிகளும் நின்றன. அங்கே சிவப்பு என்றால் ஐ.வி. குழாய் போன்ற பிளாஸ்டிக், மஞ்சள் என்றால் எரிக்க வேண்டிய கழிவு. 2016ல் விதிகள் மாறியபோது அந்தப் பட்டியலும் மாறியது. ஒரே சிவப்புக்கு ஐந்தடி தூரத்தில் இரண்டு அர்த்தம். சுவரில் ஆங்கிலச் சார்ட் ஒட்டினால் தீர்ந்துவிடும் என்றார்கள். நாங்கள் மாப் குச்சியின் நிறத்தோடு படம் சேர்த்தோம். சிவப்புக் குச்சியில் கழிப்பறைப் படம், நீலத்தில் கட்டில், பச்சையில் பானை. ஆய்வுக்கு வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, புதிதாக வந்த பெண்ணிடம் ‘இது எதுக்கு?’ என்று கேட்டார். யோசிக்காமல் பதில் வந்தது.

மூன்று வாளி முறையும் அப்போது வந்ததுதான். சோப்புத் தண்ணீர் ஒன்று, அலச ஒன்று, ஹைப்போ ஒன்று. மாப்பை முன்னும் பின்னும் தள்ளாமல் எட்டுப் போட்டுப் பின்னால் நகர வேண்டும், துடைத்த இடத்தை மிதிக்கக் கூடாது. தண்ணீர் மாற்றுவதில்தான் சண்டை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டி, மூன்று நோயாளி அறைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றச் சொல்கிறது. எப்படியானாலும் ஒரு மணி நேரத்துக்குமேல் அதே தண்ணீர் கூடாது. எங்கள் நான்காம் தளத்தில் மே மாதம் தண்ணீர் ஏறாது. விதியை அச்சிட்டு ஒட்டுவதற்கு முன் அந்தத் தளத்துக்குத் தனித் தொட்டி கேட்டேன். தொட்டி வந்த பிறகுதான் விதியை ஒட்டினேன். வேலை செய்பவரால் நிறைவேற்ற முடியாத விதியைச் சுவரில் ஒட்டுவது அவர்மேல் பழிபோட முன்கூட்டியே எழுதிவைக்கும் சீட்டு என்று இன்றும் நினைக்கிறேன்.

பிறகு மைக்ரோஃபைபர் வந்தது. விலை அதிகம். அழுக்கை நூலுக்குள் இழுத்துக்கொள்வதில் பருத்தி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. தண்ணீரும் குறைவாகச் செலவாகும். ஆனால் குளோரின் பட்டால் அதன் இழை கெட்டுவிடும். வாங்கியவர்கள் அதைச் சலவைப் பிரிவுக்குச் சொல்லவில்லை. சலவையில் வழக்கம்போல ஹைப்போவில் ஊறவைத்தார்கள். சில வாரங்களில் தரையில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் வெறும் துணியாகிவிட்டது. ‘பொம்பளைகளுக்குப் புதுசைக் கையாளத் தெரியலை’ என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. உறையின் பின்பக்கத்தில் ஹைப்போ கூடாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை எழுந்து படித்துக் காட்டினேன். அடுத்த லாட்டுக்கு வெந்நீர் மெஷின் வாங்கினார்கள். 71 டிகிரி சூட்டில் 3 நிமிடம் நின்றால் ரசாயனம் இல்லாமலே வேலை முடியும் என்பது பிரிட்டிஷ் மருத்துவமனைச் சலவைக் கணக்கு. ஐப்பசி அடைமழையில் மொட்டைமாடி பயன்படாத நாட்களுக்கும் அது கைகொடுத்தது.

பெரிய மெஷின்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அவற்றுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் மெக்கானிக்கும் உண்டு. ஸ்க்ரப்பர் மெஷினின் பின்ரப்பரை நான்கு விளிம்பும் தேயும்வரை திருப்பித் திருப்பிப் போடலாம் என்பதையும், அழுக்குத் தண்ணீர் டேங்கின் மூடியை இரவில் திறந்தே வைக்க வேண்டும் என்பதையும் மட்டும் சொல்லித்தந்தால் போதும்.

ஒரு சித்திரைத் திருவிழா சமயம் நாங்கள் சிலர் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனோம். அறுபத்துமூவர் வரிசையில் மேலூரக்கா ஒரு சிலை முன் நின்றுவிட்டார். தோளில் ஏதோ சாய்ந்திருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். அப்பர், கையில் இருப்பது உழவாரம், கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கித் துப்புரவு செய்த கருவி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “சாமியாரு தோள்மேல வச்சிருக்காரு. நாம படிக்கு அடியில ஒளிச்சு வச்சோம்” என்றார். மறுவாரம் ஆயுதபூஜைக்குப் போடுவதுபோல எல்லாக் குச்சியிலும் சந்தனப் பொட்டு இருந்தது. பூஜை நாள் எதுவும் இல்லை.

2020ல் தெருவெல்லாம் ஹைப்போ தெளித்தார்கள். தெருவில் தெளிப்பதால் பயனில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு மே மாதமே சொன்னது. மருத்துவமனைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கைதட்டினார்கள். அதே சமயத்தில் பல இடங்களில் துப்புரவு வேலை கன்ட்ராக்டுக்குப் போயிருந்தது. சதுர அடிக்கு இத்தனை ஆள் என்று டெண்டர் எழுதுகிறார்கள். மாப் கழுவும் நேரம் எந்தச் சதுர அடியிலும் வராது. நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் மருத்துவமனையிலும் அந்த அரைமணியைப் புது கன்ட்ராக்டர் எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பெண்கள் சேர்ந்து போய்ப் பேசித் திரும்ப வாங்கிவிட்டார்கள் என்பதையும் கேட்டேன். அப்போது மேலூரக்கா வேலையில் இல்லை. அவர் பழக்கிய பெண்கள் இருந்தார்கள்.

அண்மையில் ஒரு சொந்தக்காரப் பெரியவருக்குத் துணையாக வேறொரு ஊர் மருத்துவமனையில் சில இரவுகள் தங்கினேன். கழிப்பறை ஜன்னல் கம்பியில் மாப்புகள் ஈரம் சொட்டத் திணித்திருந்தார்கள். துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், இவற்றை எங்கே காயவைப்பீர்கள் என்று கேட்டேன். “அதுக்கெல்லாம் எங்கம்மா இடம்?” என்றார். மறுநாள் காலை நர்சிங் சூப்பரின்டென்டன்டைப் பார்த்து என் பழைய வேலையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். என்ன வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். பைப், கொக்கி, வெயில் படும் இடம், ஷிப்டுக்குள் அரைமணி என்று எழுதி, ‘ஷிப்டுக்குள்’ என்பதை அடிக்கோடிட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தார். முகத்தில் சந்தேகம். “நீங்க என்னமோ எழுதிக் குடுத்தீங்களாமே. எங்களுக்கு வேலை கூடிருமா?”

“எட்டு மணி நேரத்துக்குள்ளதான்னு எழுதியிருக்கேன். கூடினா ஒத்துக்காதீங்க.”

“பாப்போம்” என்று சொல்லிவிட்டு வாளியைத் தள்ளினார். ஒரு சக்கரம் சுற்றவில்லை. குனிந்து பார்த்தோம், முடி சுற்றியிருந்தது. பெரியவருடைய நகவெட்டியை எடுத்து வந்து இருவரும் உட்கார்ந்து அதை வெட்டி எடுத்தோம்.